கைப்பேசியும் மனச்சோர்வும்: கணக்கு சரிதானா?

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூல், பல நாடுகளில் பெற்றோரையும் ஆசிரியர்களையும் அமைச்சர்களையும் ஒருங்கே கவலைகொள்ளச் செய்துள்ளது. ‘தி ஆங்ஷஸ் ஜெனரேஷன்’ என்பது அதன் பெயர். ‘பதற்றத்தில் ஒரு தலைமுறை’ என்று நாம் பொருள் கொள்ளலாம். எழுதியவர் ஜோனதன் ஹைட். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியர். சமூக ஊடகமும் திறன்பேசியும் சேர்ந்து இளையோரின் மனநலத்தைக் குலைத்துவிட்டன என்பதே நூலின் குற்றச்சாட்டு.

இந்நூல் நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2025 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை, இளையோரின் மனநலம் பற்றிப் பேசுமிடத்தில் இந்நூலை எடுத்துக்காட்டுகிறது. ஆகவே எங்கோ நடக்கும் வாதம் என்று நாம் ஒதுங்கி இருக்க முடியாது. நாளை நம் பள்ளியில் என்ன விதி வரும், நம் வீட்டில் யாருடைய கைப்பேசி பறிக்கப்படும் என்பதெல்லாம் இந்த வாதத்தின் முடிவைப் பொறுத்தும் இருக்கக்கூடும்.

இக்கட்டுரையாளரின் துறை உளவியல் அன்று, இயற்பியல். ஆனால் அளத்தல் எங்கள் அன்றாடத் தொழில். ஓர் எண்ணைக் கண்டால், எந்தக் கருவியால் அளந்தது, பிழை எவ்வளவு, காரணம் எது, விளைவு எது என்று கேட்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம். அந்தக் கேள்விகளை இந்நூலிடமும், அதை மறுப்போரிடமும் கேட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

நூல் கூறுவது என்ன?

ஹைட் தரும் விளக்கம் எளிமையானது. 2010க்கும் 2015க்கும் இடைப்பட்ட காலத்தில் பிள்ளைப் பருவமே உருமாறிவிட்டது என்கிறார் அவர். முன்பக்கத்தில் படக்கருவி பொருத்திய ஐபோன் 2010இல் வந்தது. அதே ஆண்டில் இன்ஸ்டாகிராம் தோன்றியது. 2012இல் முகநூல் நிறுவனம் அதை நூறு கோடி டாலருக்கு வாங்கியது. வெளியில் கூடி விளையாடி வளர்ந்த பிள்ளைகள், திரையைப் பார்த்து வளரும் பிள்ளைகள் ஆயினர். அமெரிக்காவில் 12 முதல் 17 வயதினரிடையே கடும் மனச்சோர்வு, 2010இல் இருந்ததைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காயிற்று. பாதிக்கப்பட்டோரில் பெண்பிள்ளைகளே மிகுதி.

இதனால் விளையும் தீங்குகளை நான்காகப் பிரிக்கிறார் ஹைட். நேரில் பழகும் உறவு குறைகிறது, உறக்கம் குறைகிறது, கவனம் சிதறுகிறது, விட முடியாத பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு அவர் சொல்லும் மருந்தும் நான்கு. சுமார் 14 வயது வரை திறன்பேசி வேண்டாம். 16 வயது வரை சமூக ஊடகம் வேண்டாம். பள்ளி நேரத்தில் கைப்பேசி கூடாது. பெரியவர்களின் கண்காணிப்பின்றி விளையாடவும் சுற்றித் திரியவும் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

இந்த நான்காவது யோசனையைப் பலரும் படிக்காமலே கடந்துவிடுகின்றனர். வெளியுலகில் பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பொத்தி வளர்க்கிறோம். திரைக்குள் காவலே இன்றி விட்டுவிட்டோம் என்பது நூலின் சரிபாதிக் கருத்து. பறிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கொடுப்பதை விட்டுவிட்டால் அது ஹைட் சொன்ன மருந்தும் ஆகாது.

முதல் கேள்வி: அளவி எது?

சமூக ஊடகம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு வினாத்தாளை நம்பி நிற்கின்றன. ‘நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறாய்?’ என்று கேட்பர். பையன் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வான். அந்த எண்ணே அளவீடாகிவிடும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். நேற்று எவ்வளவு நேரம் கைப்பேசியில் செலவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, அது தானே குறித்து வைத்திருக்கும் பயன்பாட்டு நேரத்தைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் நீங்கள் அரிய மனிதர்!

இது விளையாட்டுப் பேச்சன்று. மக்கள் சொன்ன நேரத்தையும் கருவி குறித்த நேரத்தையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2021இல் வெளியாயிற்று. இரண்டிற்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 0.38 மட்டுமே. முழுப் பொருத்தமானால் இந்த எண் 1. பொருத்தமே இல்லையானால் 0. இதன் வர்க்கம் ஏறத்தாழ 0.14. அதாவது, உண்மை நேரத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்கைத்தான் அவர்கள் சொன்ன நேரம் விளக்குகிறது. இத்தகைய திருகு அளவியை எந்த ஆய்வுக்கூடத்திலும் மேசைமேல் வைக்க மாட்டோம்.

இந்தப் பிழை யாருக்குச் சாதகம்? இரு பக்கமும் வெட்டும் கத்தி இது. பிழை தாறுமாறாக இருந்தால், உண்மையில் வலுவாக உள்ள தொடர்பும் வலுவற்றதாகத் தெரியும். மாறாக, மனம் சோர்ந்தவர்கள் தம் பயன்பாட்டை மிகைப்படுத்திச் சொல்வார்களானால், இல்லாத தொடர்பும் இருப்பதாகத் தெரியும். முதலாவது தாறுமாறான பிழை. இரண்டாவது, சுழிப்பிழையைப் போல ஒரே பக்கம் சாய்க்கும் பிழை.

மனநலத்தை அளக்கும் பக்கத்திலும் சிக்கல் உண்டு. 12 முதல் 18 வயது வரை உள்ளோரிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர்கள் கேட்டறிய வேண்டும் என அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2009இல் பரிந்துரைத்தது. கேட்டால்தானே பதில் வரும்? 2015 அக்டோபர் முதல் நாள், அந்நாட்டு மருத்துவமனைகள் நோய்களுக்குக் குறியீட்டெண் இடும் முறையையே மாற்றிக்கொண்டன. பரிசோதனையின் நடுவில் அளவியை மாற்றினால் வரைபடம் துள்ளுவது இயல்பு. ஆனால் மேலே சொன்ன இரண்டரை மடங்கு என்னும் எண் மருத்துவமனைப் பதிவிலிருந்து வந்ததன்று. வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தது. எனவே உயர்வு முழுவதையும் ‘பதிவு முறையின் மாயை’ என்று தள்ளிவிடவும் இயலாது. உயர்வு உண்டு, அதன் அளவில்தான் ஐயம் உண்டு.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு?

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்னும் இருவர், அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் 3,55,358 இளையோரிடம் எடுத்த கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டனர். மனநலத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில், திரைக் கருவிகளின் பங்கு மிஞ்சிப் போனால் 0.4 சதவீதம்! அதே கணக்கில், உருளைக்கிழங்கை அடிக்கடி உண்பதற்கும் ஏறக்குறைய இதே அளவு எதிர்த்தொடர்பு இருந்தது. மூக்குக்கண்ணாடி அணிவதற்கு இதைவிடக் கூடுதல் எதிர்த்தொடர்பு காணப்பட்டது. உருளைக்கிழங்கிற்கு அஞ்சாத நாம் கைப்பேசிக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

ஹைட் தரப்பினர் இதற்குச் சொல்லும் பதில் கூர்மையானது. தொலைக்காட்சி, கணிப்பொறி, சமூக ஊடகம் அனைத்தையும் ஒரே மூட்டையில் கட்டி, ஆண் பெண் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் எண் சிறியதாகத்தான் வரும். பெண்பிள்ளைகளையும் சமூக ஊடகத்தையும் மட்டும் தனியே எடுத்தால் ஒட்டுறவு 0.2ஐ நெருங்குகிறது என்கின்றனர். வர்க்கப்படுத்தினால் 4 சதவீதம். முந்தைய எண்ணைப் போல் பத்து மடங்கு!

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் 900 பேருக்குச் சமூக ஊடகத்தால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. 50 பேருக்குச் சிறிது நன்மை. எஞ்சிய 50 பேருக்குப் பெருந்தீங்கு. ஆயிரம் பேருக்கும் சராசரி எடுத்தால் விளைவு மிகச் சிறியதாகத் தோன்றும். ‘அஞ்ச ஒன்றுமில்லை’ என்று அறிக்கை எழுதிவிடலாம். அந்த ஐம்பது பிள்ளைகளின் பெற்றோரிடம் போய் அந்த அறிக்கையைப் படித்துக் காட்ட முடியுமா?

இதற்குச் சான்று ஆர்பெனிடமிருந்தே வந்தது. 84,011 பிரிட்டானியரின் விவரங்களை வயதுவாரியாகப் பிரித்து அவரும் பிறரும் ஆராய்ந்த கட்டுரை 2022இல் வெளியாயிற்று. சமூக ஊடகத்தை மிகுதியாகப் பயன்படுத்தினால் அடுத்த ஆண்டு வாழ்க்கை மனநிறைவு குறைவது, பெண்பிள்ளைகளிடம் 11 முதல் 13 வயதிலும், ஆண்பிள்ளைகளிடம் 14, 15 வயதிலும், இருபாலரிடமும் 19 வயதை ஒட்டியும் தெளிவாகத் தென்பட்டது. எல்லா வயதையும் கலந்து பார்த்தபோது மறைந்திருந்த ஒன்று, பிரித்துப் பார்த்தபோது வெளிப்பட்டது. ‘உருளைக்கிழங்கு’ ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மூன்றாம் கேள்வி: எது காரணம், எது விளைவு?

குடை பிடிப்போர் பெருகும்போது மழையும் பெருகுகிறது. ஆனால் குடையால் மழை வருவதில்லை. இந்த அடிப்படையில்தான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ், ‘நேச்சர்’ இதழில் ஹைட்டின் நூலைக் கடுமையாக விமரிசித்தார். மனம் சோர்ந்த பிள்ளைகளே சமூக ஊடகத்தை மிகுதியாக நாடுகின்றனர் என்றும் கொள்ளலாமே என்பது அவர் எழுப்பிய தடை.

காரணத்தை நிலைநாட்ட வேண்டுமானால் சோதனை வேண்டும். 2018இல் அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள், பணம் கொடுத்து ஒரு குழுவினரை முகநூலிலிருந்து விலகியிருக்கச் செய்தனர் பொருளியலாளர் சிலர். குழுவைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தனர். விலகியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிச்சமாயிற்று. குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் கழித்த நேரம் கூடியது. தனியே தொலைக்காட்சி பார்த்த நேரமும் கூடியது! மனநலம் 0.09 திட்ட விலக்கம் உயர்ந்தது. தேர்வு மொழியில் சொன்னால், வகுப்பு மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 15 எனில் இது 1.35 மதிப்பெண். உண்மையான விளைவுதான், சிறியது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு அவர்களிடம் குறைந்தது என்பதையும் மறவாதீர்கள். இவர்கள் அனைவரும் வயது வந்தோர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு சான்று வரலாறே நடத்திய சோதனை. முகநூல் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கிக் கல்லூரி கல்லூரியாகப் பரவிற்று. 2006இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முகநூல் முதலில் வந்த கல்லூரிகளையும் பின்னர் வந்த கல்லூரிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியாயிற்று. முகநூல் வந்தபின் மாணவரின் மனநலம் தாழ்ந்தது. தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுக் குறைவாக எண்ணியது அதற்கு ஒரு வழியாக இருந்தது என்று அவ்வாய்வு காட்டியது. அப்போது திறன்பேசி பரவவில்லை, ‘விருப்பம்’ தெரிவிக்கும் பொத்தானும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூலக்கூறுக்கு வெப்பநிலை உண்டா?

இந்த இரு சோதனைகளும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. இங்கேதான் ஹைட்டின் வாதம் வலுவாக நிற்கிறது. ஒரு வாயு மூலக்கூறைத் தனியே எடுத்து அதன் வெப்பநிலை என்னவென்று கேட்பதில் பொருள் இல்லை. வெப்பநிலை கூட்டத்தின் பண்பு. நட்பும் அப்படியே. வகுப்பில் முப்பது பேரும் இன்ஸ்டாகிராமில் இருக்க, ஒரு பெண் மட்டும் விலகினால் அவள் விடுதலை பெறுவதில்லை, தனிமைப்படுகிறாள். மாலைப் பேச்சு, பிறந்தநாள் அழைப்பு, தேர்வுச் செய்தி எல்லாம் அவளைத் தாண்டிப் போகின்றன. ஒரே ஆளை விலக்கிச் செய்யும் சோதனை, வகுப்பு முழுவதும் விலகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. கல்லூரி முழுவதையும் ஓர் அலகாகக் கொண்ட ஆய்வில் தெளிவான பாதிப்பு தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் உறவு குறைந்தது என்பதற்குத் தரப்படும் எண்களிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி தனிமை பற்றி 2023இல் வெளியிட்ட அறிக்கையில், 15 முதல் 24 வயதினர் நண்பர்களுடன் நேரில் கழித்த நேரம் 2003இல் நாளுக்குச் சுமார் 150 நிமிடமாக இருந்து, 2020இல் 40 நிமிடமாகச் சரிந்தது என்றுள்ளது. 2020 எந்த ஆண்டு? கொரோனா ஊரடங்கு ஆண்டு அன்றோ! அதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது என்பது மெய்யே. ஆயினும் வரைபடத்தின் கடைசிப் புள்ளியாக அந்த ஆண்டை வைத்தால் சரிவு மிகையாகவே தெரியும்.

அளவி யார் கையில்?

வினாத்தாளை நம்பி ஆய்வாளர்கள் திணறுவது ஏன்? யார், எதை, எத்தனை நொடி பார்த்தார், பார்த்தபின் என்ன செய்தார் என்ற துல்லியமான பதிவு நிறுவனங்களிடம் பூட்டிக் கிடக்கிறது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் முகநூல் பக்கத்தில் மகிழ்ச்சியான செய்திகளையோ வருத்தமான செய்திகளையோ குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று அந்நிறுவனம் சோதித்தது. கண்ட மாற்றம் மிகச் சிறியது. ஆனால் சோதனை நடப்பது அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. 2014இல் கட்டுரை வெளியானபோது பெருங்கண்டனம் எழுந்தது.

2021இல் அதன் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில், தம் உடல் தோற்றம் பற்றிய கவலையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குவதாக மூன்றில் ஒரு பெண்பிள்ளை கருதுவது பதிவாகி இருந்தது. அந்தப் பின்னத்தின் பகுதி, ஏற்கெனவே அக்கவலை உள்ள பெண்களை மட்டுமே குறிக்கும் என்று நிறுவனம் விளக்கியது. அவ்விளக்கம் சரியென்றே கொண்டாலும், கவலை உள்ளவளுக்குக் கவலையை வளர்ப்பது சிறிய குற்றமா? அந்த ஆவணம் கசியும்வரை நாம் அறியாதிருந்தோம் என்பது அதைவிடப் பெரிய செய்தி. நூலின் சீற்றம் பெற்றோரிடம் அறிவுரையாகப் போய்ச் சேர்வதைவிட, அளவியைத் திறந்து காட்டும்படி நிறுவனங்களைப் பணிக்கும் சட்டமாக மாறுவது நலம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சேவைகள் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை விதிக்கிறது. இது நல்ல தொடக்கம். ஆய்வாளருக்குக் கதவு திறப்பது அடுத்த படி.

நமக்கு என்ன?

ஹைட்டின் சான்றுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்தும் பிற ஆங்கிலம் பேசும் செல்வ நாடுகளிலிருந்தும் வந்தவை. அங்கே பிள்ளைக்கு ஒரு கைப்பேசி. இங்கே வீட்டுக்கு ஒன்று என்ற நிலையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ளவர்கள் ஏறத்தாழ 54 சதவீதம்தான். இந்நிலையில் ‘பெண்பிள்ளைகளுக்கே தீங்கு மிகுதி’ என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டால், முதலில் பறிபோவது மகளின் கைப்பேசியாகத்தான் இருக்கும். மகனுடையது அவன் கையிலேயே இருக்கும். நூலகமே இல்லாத ஊரில் அவளுக்குப் பாடம் விளக்கும் ஒரே சாளரமும் அதனோடு மூடிவிடும். அறிவியலின் பெயரால் இந்த அநீதி நடக்கக் கூடாது.

ஆனால் உறுதியான சான்றுக்காகக் கைகட்டிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. உறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1,25,198 பிள்ளைகளைப் பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஆய்வுரை, படுக்கை நேரத்தில் திரைக் கருவியைப் பயன்படுத்துவோரிடம் உறக்கக் குறைவு மிகுந்து காணப்படுவதைக் காட்டியது. இரவில் கைப்பேசியைப் படுக்கைக்கு வெளியே வைக்கச் செலவும் இல்லை. அதனால் எவருடைய படிப்பும் கெடாது. ஆனால் விதி வீட்டில் அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; தந்தைக்கும் சேர்த்துத்தான்! பள்ளியிலும் அப்படியே. தனி ஒருவரைக் கட்டுப்படுத்தாமல் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஏற்கும் விதியே தனிமையைத் தராத விதி.

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதிக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் ஓர் அலகாக அமைந்த சோதனை இது. அதன் முடிவுகள் வெளிவரும்போது, ‘தடை வென்றது’, ‘தடை தோற்றது’ என்று தலைப்புகள் நம்மை நோக்கிப் பாயும். அப்போது பொறுமையாகக் கேளுங்கள்: அளந்தது எதை? எந்தக் கருவியால்? யாரோடு ஒப்பிட்டு? எந்த வயதினரிடம்?

ஹைட்டின் நூலைப் படிக்கலாமா? கட்டாயம் படிக்கலாம். கேள்வியைச் சரியான இடத்தில் எழுப்பிய நூல் அது. ஆனால் விடை முற்றும் கிடைத்துவிட்டது என்ற அதன் உறுதியை மட்டும் கடனாக வாங்காதீர்கள். உங்கள் வகுப்பில் யாரேனும் நாளாக நாளாக ஒதுங்கிப் போனால், இரவெல்லாம் விழித்திருந்து காலையில் வாடி வந்தால், அவரிடம் கைப்பேசி நேரத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அருகில் அமர்ந்து என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். அந்த ஐம்பது பேரில் ஒருவர் அவராக இருக்கலாம்.